ஓலை வாசிக்க என்ன தடை?

இது நீளமான பதிவு. பாதி படித்துவிட்டுக் கைகூப்பும் படம் போடுகிறவர்கள் இப்போதே போட்டுவிட்டுக் கிளம்பலாம். மற்றவர்கள் உட்கார்ந்து படியுங்கள். 36 வருஷம் நின்றுகொண்டே உங்களுக்குப் பாடம் நடத்தியவள் கேட்கிறேன், பத்து நிமிஷம் கொடுக்க மாட்டீர்களா?

எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் நிற்கிறது. பெண் என்னை அத்தை என்று கூப்பிடுகிறவள், நர்ஸ் வேலை பார்க்கிறாள். பையன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். பையனின் அப்பாவும் என் மாணவர்தான். பெண்ணும் பையனும் ஒரே கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். ஒரே வருஷம் புதுநன்மை எடுத்தார்கள். அந்தப் போட்டோ என்னிடம் இருக்கிறது, இரண்டு பேர் கையிலும் மெழுகுதிரி. நான்கு வருஷமாகப் பழகுகிறார்கள். பெரியவர்களிடம் ஒளிக்காமல் வந்து சொன்னார்கள். பெண் வீட்டில் முடியாது என்றுவிட்டார்கள். காரணம் என்ன என்று செஞ்சிப் பக்கத்துக்காரர்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. பையன் வீடு கோயிலுக்கு எந்தப் பக்கத்துத் தெரு என்பதுதான் காரணம்.

இதை எழுதப் பெண்ணிடமும் பையனிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன். பேர் போடவில்லை. பெண்ணின் அப்பாவுக்குத் தன்னைத்தான் சொல்கிறேன் என்று தெரியும். தம்பி, படி. கோபம் வந்தால் போன் பண்ணு, எடுப்பேன்.

அந்தத் தம்பி தினமும் காலை ஐந்தரை மணிக்குக் குடும்பக் குழுவில் ஒரு இறைவசனம் அனுப்புகிறவன். பின்னால் சூரிய உதயம், ஓரத்தில் ஒரு புறா. ஒருநாள் தவறியதில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட வந்தது. பையன் வீட்டார் வந்து பேசிவிட்டுப் போன அன்று காலையிலும் வந்தது, பிறரன்பு பற்றிய வசனம். அன்று சாயங்காலம் நான் போய் உட்கார்ந்து, "ஏண்டா, காலையில அனுப்புனியே, அது என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்:

"அக்கா, பைபிள் கோயிலுக்கு. கல்யாணம் ஊருக்கு. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்கான பதில்தான். அவன் ஒருவனுக்காக மட்டும் எழுதவில்லை. அவன் வாய்விட்டுச் சொன்னான். நம்மில் பல பேர் சொல்லாமலே அப்படித்தான் நடக்கிறோம்.

முதலில் "ஊருக்கு" என்பதை எடுத்துக்கொள்வோம். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் நமக்கு முன்னால் ஒரு பெரிய மனிதருக்கும் வந்தது. அவர் பேர் பேதுரு. கலாத்தியர் திருமுகம் இரண்டாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பிரச்சினையே இல்லை. எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும், அதாவது சொந்த ஊர்க்காரர்கள் வந்ததும், மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள். பர்னபாகூட விலகினார். பவுல் என்ன செய்தார்? தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் நேருக்கு நேர் கண்டித்தார். திருச்சபையின் முதல் தலைவர் கண்டிக்கப்பட்டது வேதபுரட்டுக்காகவா, கோயில் பணத்தைத் தொட்டதற்காகவா? பந்தியை விட்டு எழுந்ததற்காக. இது சின்ன விஷயம், பழக்க விஷயம், சாப்பாட்டு விஷயம் என்று பவுல் விட்டிருந்தால் நீயும் நானும் இன்று கிறிஸ்தவர்களாக இருந்திருக்க மாட்டோம் தம்பி. நாம்தான் அந்தப் பிற இனத்தார்.

கல்யாணத்துக்கே நேரான இடமும் இருக்கிறது. எண்ணிக்கை நூல் பன்னிரண்டாம் அதிகாரம். மோசே கூசிய நாட்டுப் பெண்ணைக் கட்டியிருந்தார். அக்காள் மிரியாமும் அண்ணன் ஆரோனும் அதை வைத்து அவருக்கு எதிராகப் பேசினார்கள். கடவுள் மோசேயைத் திட்டவில்லை. பேசிய மிரியாமுக்குத் தொழுநோய் வந்தது, ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே வைத்தார்கள். நாத்தனார்மார் கவனிக்க. மத்தேயு நற்செய்தி முதல் பக்கத்தில் இயேசுவின் தலைமுறைப் பட்டியலில் மோவாபியப் பெண் ரூத்தின் பேர் இருக்கிறது. நம் வீடுகளில் பெண் பார்க்கப் போகும்போது கேட்கிற கேள்விகளைப் போவாசிடம் கேட்டிருந்தால் தாவீது பிறந்திருக்க மாட்டார்.

"டீச்சர், வசனம் சொல்லி வாதாடாதீங்க, எல்லாத்துக்கும் வசனம் இருக்கு" என்று ஒருவர் போனில் சொன்னார். சரி, வரலாற்றைப் பார்ப்போம். இங்கிருந்து புதுச்சேரி எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பில் 1745-ஆம் வருஷம் அக்டோபர் மாதக் குறிப்பு ஒன்று உண்டு. அப்போது சம்பா கோயில் என்று சொன்ன மாதா கோயிலுக்குள்ளே ஒரு சுவர். ஒரு பக்கம் பறைச்சேரிக் கிறிஸ்தவர்கள், இன்னொரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும். காரைக்காலிலிருந்து வந்த ஒரு சாமியார் அதைப் பார்த்தார். சேரிக்காரர்கள் பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, ஏன் இந்தப் பேதம் என்று நியாயம் கேட்டார்கள். கேட்டது நியாயம் என்று சுவர் இடிக்கப்பட்டது. எழுதி வைத்தவர் கிறிஸ்தவர் இல்லை, பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக இருந்த வைணவர். நம் வீட்டுச் சண்டையைப் பக்கத்து வீட்டுக்காரர் எழுதி வைத்து 280 வருஷம் ஆகிறது. "வெளியில எழுதி மானத்த வாங்காத அக்கா" என்கிறாயே, அந்த மானம் 1745-லேயே போய்விட்டது.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். அங்கே 1872-ல் கட்டிய கோயிலுக்கு இரண்டு கைகள். ஒவ்வொரு கையிலும் ஒரு தரப்பார் உட்கார்ந்து, பீடத்தை மட்டும் சேர்ந்து பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம். மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருக்கும் என்பார்கள். சாதிக்காகவே வரைபடம் போட்டுக் கட்டிய கோயில்! நடுவிலிருந்த தடுப்பைக் கௌசானல் சாமியார் 1910-ல் எடுத்தார். உரிமை போயிற்று என்று கோர்ட்டுக்குப் போனார்கள். சென்னை உயர்நீதிமன்றம் அவர்கள் கேட்டதைக் கொடுக்கவில்லை. கோயிலுக்குள் சாதி கிடையாது என்று கிறிஸ்தவனுக்குக் கோர்ட்டு வந்து சொல்ல வேண்டியிருந்தது.

சி.எஸ்.ஐ.யில் இருக்கிற சம்பந்திகள் இந்த இடத்தில் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. கல்கத்தாவிலிருந்து பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் கடிதம் எழுதி, சபைகளில் சாதியை அடியோடு விடுங்கள் என்றார். தஞ்சாவூர்ப் பக்கம் நிறையப் பேர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். சிரித்தது போதும்.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு நம் மாவட்டத்துக் கதை ஒன்று. உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூர். இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம், 2008-ல் நம் விழுப்புரம் மாவட்டம். ஜெபமாலை அன்னை கோயில். தலித் கிறிஸ்தவர்களுக்குக் கோயிலில் தனி இடம், தனிக் கல்லறை, சாவு ஊர்வலத்துக்குத் தனி வழி. இது வேண்டாம், இல்லையென்றால் எங்களுக்குத் தனிப் பங்கு கொடுங்கள் என்று மார்ச் மாதம் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மார்ச் 9-ஆம் தேதி அவர்கள் தெருவில் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். செத்த இரண்டு பேரும் தாக்கப்போன தரப்புக் கிறிஸ்தவர்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே. தவக்காலம் அது, தெரியுமா? எல்லார் வீட்டிலும் வெள்ளிக்கிழமை கவிச்சி இல்லாமல் ஒறுத்தல் இருந்திருப்பார்கள். சிலுவைப் பாதையில் முழங்காலிட்டிருப்பார்கள். கறி மீனை விட்டவர்களால் ஒரு தெருவை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

இதற்கு நான்கு வருஷம் முன்னால்தான், 2003 நவம்பரில், போப் இரண்டாம் யோவான் பவுல் தமிழ்நாட்டு ஆயர்களிடமே கிறிஸ்தவர்களுக்குள் சாதிப் பாகுபாடு உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்று சொல்லியிருந்தார். 2016-ல் இந்திய ஆயர் பேரவை, தலித் மக்கள் திருச்சபைக்குள்ளேயே ஒதுக்கப்படுகிறார்கள் என்று தானே ஒத்துக்கொண்டு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. மேலே எல்லாம் சரியாகத்தான் சொல்கிறார்கள். கீழே வரும்போதுதான் எங்கோ வடிந்துவிடுகிறது. திருச்சியில் மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே சுவர் எழுப்பியதையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எலும்புக்குமா தீட்டு?

இனி எனக்கு மிகவும் எரிச்சலான இடத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஆகஸ்ட் 10-ஆம் தேதியும் நாம் கறுப்பு நாள் அனுசரிக்கிறோம். 1950-ல் அன்றைய தேதியில்தான் குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும் என்றார்கள். 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களாகவோ முஸ்லிம்களாகவோ இருக்கிற தலித்துகளுக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007-ல் கொடுக்கலாம் என்றது. 2022-ல் பாலகிருஷ்ணன் கமிஷன் போட்டார்கள். 2023 ஏப்ரலில் நம் சட்டசபையும் தீர்மானம் போட்டது. நான் இந்தக் கோரிக்கையின் பக்கம்தான் இருக்கிறேன். என் மாணவர்களில் எத்தனை பேர் ஒரு சர்டிபிகேட்டினால் படிப்பை விட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

பெண்ணின் அப்பாவும் அந்தக் கறுப்பு நாளில் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு நிற்கிறவன். போட்டோ போட்டிருந்தான், நானும் லைக் போட்டேன். அன்று அரசாங்கத்திடம் நாம் என்ன சொல்கிறோம்? மதம் மாறினாலும் இவர்கள் சாதிக்கொடுமை படுகிறார்கள், ஆகவே உரிமை கொடு என்கிறோம். அந்தக் கொடுமையைச் செய்கிறவன் யார் என்று டில்லிக்காரன் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வோம்? ஆகஸ்ட் 10-ஆம் தேதி சாதி இருக்கிறது என்று சாட்சி சொல்கிறோம். மறுநாள் பங்குப் பேரவையில் யாராவது வாயைத் திறந்தால், "நம்ம கோயில்ல அதெல்லாம் ஏதுங்க சாமி" என்கிறோம். இரண்டில் ஒன்று பொய். நான் கணக்கு டீச்சர், இரண்டு விடையும் சரி என்று மார்க் போட எனக்குத் தெரியாது.

இவ்வளவு பேசுகிற நீங்கள் யோக்கியமா டீச்சர் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். இல்லை.

நான் பிறந்த வீட்டில் எரவாணத்தில் ஒரு அலுமினிய டம்ளர் சொருகியிருக்கும். மல்லாட்டை பிடுங்க வருகிறவர்களுக்குக் கூழோ மோரோ அதில்தான். குடித்துவிட்டு அவர்களே கழுவிச் சொருக வேண்டும். அம்மா மூன்று வேளையும் ஜெபமாலை சொல்கிறவர். அந்த டம்ளரைப் பற்றி அவருக்குத் தோன்றியதே இல்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து 1981-ல் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு எவர்சில்வர் டம்ளர் செட் வாங்கிக் கொடுத்தேன். அலுமினிய டம்ளர் எரவாணத்திலேயே இருந்தது.

பள்ளியில் நடந்தது அதைவிட மோசம். எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவுத் திட்டம் கொண்டுவந்த பிறகு மத்தியானம் வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக உட்காருவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெருவாரியாக உட்காருவார்கள். ஒரு தெருவுக்கு முதலில் விழும். கடைசி வரிசைக்கு வரும்போது சட்டியின் அடி தெரியும். நான் தினமும் பார்த்தேன். 1986 என்று நினைவு. ஆறாம் வகுப்பில் ஞானோபதேச வகுப்பு, ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த பாடம். ஜனங்களை ஐம்பது ஐம்பதாகவும் நூறு நூறாகவும் உட்கார வைத்தார் என்று மாற்கு எழுதியிருக்கிறாரே, அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பையன் எழுந்து கேட்டான்:

"டீச்சர், எந்தத் தெருக்காரங்கள மொதல்ல உக்கார வெச்சாரு?"

வகுப்பே சிரித்தது. அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். "அதிகப்பிரசங்கி, உக்காரு" என்றேன். உட்கார்ந்தான். மறுநாளும் கடைசி வரிசையில்தான் சாப்பிட்டான். நான் மேஜையில் வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். வரிசையை மாற்ற எனக்கு இன்னும் மூன்று வருஷம் ஆயிற்று. மாற்றிய அன்று வானம் இடிந்து விழவில்லை. இரண்டு வீட்டிலிருந்து வந்து சத்தம் போட்டார்கள், ஒருவர் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்தார், அடுத்த வருஷம் திரும்பக் கொண்டுவந்து விட்டார். இவ்வளவுக்குத்தான் மூன்று வருஷம் பயந்தேன்.

அந்தப் பையன்தான் இப்போது மாப்பிள்ளையின் அப்பா. பெண் கேட்டு வந்த அன்று நானும் அந்த வீட்டில் இருந்தேன். அவர் பழக்கூடையைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு, உள்ளே வரட்டுமா என்று கேட்கிற மாதிரி நின்றார். என்னைப் பார்த்ததும் "வணக்கம் டீச்சர்" என்று சிரித்தார். நாற்காலி போட்டார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். காபியும் கொடுத்தார்கள், பேப்பர் கப்பில். எங்களுக்கெல்லாம் டம்ளரில் வந்தது. அலுமினிய டம்ளருக்கு வயதாகிவிட்டது, வேறு ஒன்றும் மாறவில்லை. நான் என் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எனக்கும் பேப்பர் கப் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. 66 வயதிலும் வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். இந்தப் பதிவு கொஞ்சம் அதற்காகவும்தான்.

வேதத்தை நடைமுறையில் வைப்பது என்றால் பெரிய புனிதர்களின் காரியம் என்று நாம் ஒரு கதை கட்டி வைத்திருக்கிறோம். விவிலியத்தைத் திறந்தால் அதில் இருப்பதெல்லாம் வயல், கூலி, பந்தி, நாற்காலி. கூலிக்காரன் கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்காதே என்கிறது லேவியர் பத்தொன்பதாம் அதிகாரம். நம்மில் எத்தனை பேர் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு "அடுத்த வாரம் சேத்து வாங்கிக்கோ" என்கிறோம்? வயல் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, ஏழைக்கு விடு என்பதும் அதே அதிகாரம்தான். நம் பக்கம் மல்லாட்டை பிடுங்கி முடித்ததும் மண்ணில் தங்கிய காயைக் கிளறிப் பொறுக்கப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களைத் தடியோடு விரட்டிய நிலக்காரர் ஒருவர் எங்கள் சொந்தத்தில் உண்டு. அவர் வீட்டு வாசலில் இயேசு இவ்வீட்டின் தலைவர் என்று பலகை. தலைவர் பாவம், ஒன்றும் பேச முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் தங்க மோதிரம் போட்டு வருகிறவனுக்கு நல்ல நாற்காலியும் கந்தல் கட்டி வருகிறவனுக்குக் கால்மாட்டு இடமும் கொடுப்பதைப் பற்றி வருகிறது. அது எங்கே நடந்ததாக எழுதியிருக்கிறார்? தொழுகைக் கூடத்தில். கொரிந்து சபையில் பணக்காரர்கள் முன்னால் வந்து சாப்பிட்டு முடித்துவிட, கூலி வேலை முடித்து வருகிறவர்கள் பட்டினி கிடந்தார்கள். இதற்குப் பேர் ஆண்டவரின் விருந்தே இல்லை என்கிற அளவுக்குப் பவுல் போகிறார். அப்போது பைபிள் எழுதப்பட்டதே இந்த மாதிரிச் சண்டைகளுக்குத்தானே? "பைபிள் கோயிலுக்கு, கல்யாணம் ஊருக்கு" என்றால், ஊரை எடுத்துவிட்டு அந்தப் புத்தகத்தில் என்ன மிச்சம் இருக்கும் தம்பி? அட்டைதான்.

என் இந்து மாணவர்களே, முஸ்லிம் மாணவர்களே, நீங்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள். டீச்சர் வீட்டுச் சண்டையை ரசித்துப் படித்திருப்பீர்கள். படியுங்கள். ஆனால் கீழே வந்து "பாத்தீங்களா, மதம் மாறியும் இதுதான்" என்று எழுதுகிறவர்கள் தங்கள் வீட்டுத் தங்கையின் கல்யாணத்தை ஒருமுறை நினைத்துக்கொண்டு எழுதவும். உங்கள் வீட்டுச் சேதியும் டீச்சருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் பத்து நிமிஷம் நின்றால் செஞ்சித் தாலுகா முழுக்க வந்து சேர்ந்துவிடும்.

ஆனால் எங்களுக்கு ஒரு சாக்குக் குறைவு. எங்களிடம் வேதத்திலேயே இப்படி எழுதியிருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. எழுதியிருப்பது நேர் எதிராக.

"பிள்ளைங்க எதிர்காலம், அக்கா" என்கிறான். பெண்ணுக்கு வேலை இருக்கிறது, பையனுக்கு வேலை இருக்கிறது, பையன் குடிப்பதில்லை. எந்த எதிர்காலம்? "நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்கு ஆளு வராது" என்பதுதான் அந்த எதிர்காலம். வராமல் போகட்டும், பந்திச் செலவு மிச்சம். கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தபோது நம் குழுவில் முதலில் பட்டாசுப் படம் போட்டவன் நீதான். நம்ம ஊரை உலகமே பார்க்கப்போகிறது என்று எழுதினாய். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் கீழே இறங்கி நம் கல்லறையையும் பார்த்தால் எந்தச் சுவர் எதற்கு என்று விளக்க ஒரு கைடு வைப்பாயா?

இனி நடக்கவேண்டியதைச் சொல்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டால் ஒரு மாதத்தில் வேலை முடிந்தது. பையன் அதற்குத் தயார். பெண் மாட்டேன் என்கிறாள். "நான் பாடகற்குழுவுல பாடுன கோயில் அத்தை. நான் ஏன் வெளிய போய்க் கட்டிக்கணும்?" என்று கேட்கிறாள். எனக்கு அவளிடம் பிடித்தது அதுதான். கோபத்தில் கோயிலை விட்டுப் போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், நிறையப் பேர் அப்படித்தான் போனார்கள். இவள் போகவில்லை, உள்ளே நின்று கேட்கிறாள்.

கோயிலில் கேட்டதற்கு, குடும்பத்தோடு பேசிவிட்டு வாருங்கள் என்று பதில். பேசியாகிவிட்டது. நான் உட்கார்ந்து திருச்சபைச் சட்டப் புத்தகத்தைப் படித்தேன். சட்டம் தடுக்காத எல்லாரும் திருமணம் செய்துகொள்ளலாம் என்கிறது 1058-ஆம் எண். தடைகள் என்னென்ன என்று 1083-லிருந்து 1094 வரை பட்டியல் இருக்கிறது. வயது, ஏற்கெனவே உள்ள திருமணம், குருத்துவம், கடத்தல், கொலைக்குற்றம், இரத்த உறவு என்று வரிசையாக வருகிறது. மூன்று முறை படித்தேன். தெரு என்று ஒரு தடை இல்லை. வயது வந்தவர்களுக்கு அப்பாவின் கையெழுத்தும் கேட்கவில்லை. ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பதே இதற்குத்தான். மூன்று ஞாயிறு வாசிக்கட்டும். தடை இருக்கிறது என்கிறவர் எழுந்து நின்று, என்ன தடை என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்லட்டும். இவ்வளவு நாள் இது திண்ணையில் மட்டும் பேசின பேச்சு. ஒருமுறை பீடத்துக்கு முன்னால் சத்தமாகக் கேட்டுப் பார்ப்போம்.

தம்பி, மத்தேயு ஐந்தில் ஒரு இடம் நீ அனுப்பியதே இல்லை. நானும் மூன்று வருஷத்துக் குழுச் செய்திகளைத் தேடிப் பார்த்தேன். காணிக்கை கொண்டுவரும்போது உன்மேல் ஒருவருக்கு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னாலேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானமாகு என்கிற இடம். நாளைக்குக் காலை ஐந்தரைக்கு அதை அனுப்பு. புறாப் படம் வேண்டாம்.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணிப் பூசை முடிந்ததும் பிள்ளைகளோடு பங்குத்தந்தையைப் பார்க்கப் போகிறேன். ஞானஸ்நானச் சர்டிபிகேட், உறுதிப்பூசுதல் சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. பையனின் அப்பாவும் வருகிறார். பூசையில் நான் வழக்கமாக உட்காருகிற இடத்தில் என்னைத் தேட வேண்டாம், அவர்கள் குடும்பத்தோடு அந்தப் பக்கம் இருப்பேன். திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டும். ஒன்று நான். இன்னொன்று பெண் வீட்டுப் பக்கத்திலிருந்து யாராவது வந்தால் நன்றாயிருக்கும். கீழே ஆமென் என்று எழுதாதீர்கள். வருகிறவர்கள் எனக்குப் போன் பண்ணுங்கள்.